சேவ் ஆகாத வரி

"அண்ணை, சேவ் ஆகுதில்லை" என்றாள் தயாளினி, தொலைபேசியில்.

கணினி திருத்திப் பிழைக்கிறவன் இந்த வசனத்தை நாளுக்கு நாலு தரம் கேட்பான். நாலு தரமும் எனக்குக் கோபம் வரும். எது சேவ் ஆகவில்லை, எங்கே ஆகவில்லை, திரையில் என்ன எழுதிக் காட்டுகிறது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். டொக்டரிடம் போய் "ஏலாமக் கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குந்தியிருக்கிற சாதி.

அன்றைக்குக் கோபம் வரவில்லை. அந்த அச்சகத்துக் கணினிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நடத்தியவனே நான்தான்.

"ஒண்டையும் நிப்பாட்டாதை பிள்ளை. நான் வாறன்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

என் கடை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட. அச்சகம் சுன்னாகத்தில், இராசநாயகம் அண்ணையின் வீட்டு முன்பக்கத்தில். அச்சகம் என்று பலகை தொங்கினாலும் அங்கே முக்கால்வாசி நடப்பது ஒரே வேலைதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும். முன்னுக்குப் படம், அடுத்தது தேவாரம், நடுவில் பிறந்தது முதல் போனது வரை அவருடைய வாழ்க்கை, கடைசியில் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பேரப்பிள்ளைகளின் பெயர்கள். அந்திரட்டிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போகும்போது கையில் அந்த மலர் போகும். வலிகாமத்தில் பாதிப் பேரின் வாழ்க்கையை எழுதியவர் இராசநாயகம் அண்ணைதான். இப்போது அவருடைய முறை. அவர் போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

முன்னறையில் இரண்டு கணினி, உள்ளறையில் அண்ணையின் பெரிய கணினி. கோப்பெல்லாம் பெரியதில்தான் கிடக்கும். முன்னறையில் வேலை செய்கிறவர்கள் கம்பி வழியாக அதைத் திறந்து, திருத்தி, அதிலேயே சேமிப்பார்கள். அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது. ஏழு வருசம் அவரோடு சண்டை பிடித்தேன்.

"டேய் கேதீஸ், செத்த சனத்தின்ரை கதையை ஆரடா களவெடுக்கப் போறான்?" என்பார். அப்டேட்டும் போடவிடமாட்டார். "ஓடுற வண்டிக்கு ஏன்ரா சில்லைக் கழட்டுறாய்?" என்று கேட்டு, என் வாயை அடைக்க ஒரு தேத்தண்ணி எடுப்பித்துத் தருவார்.

அவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தேன். துக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கதிரையில் இருந்தவுடனே, இனித் தடுக்க ஆளில்லை என்ற எண்ணமும் வந்தது. என் கடையிலிருந்தே அந்த மூன்று கணினிக்குள்ளும் போக எனக்கு வழி இருந்தது. போய் ஏழு வருசத்து அப்டேட்டையும் ஒரே மூச்சில் போட்டேன். செத்தவரோடும் வாதாடி வெல்ல நினைக்கிற பிறவி நான்.

அச்சகம் இரண்டு கிழமைக்கு மேல் பூட்டிக் கிடந்தது. தயாளினி அன்றைக்கு மூன்றாவது நாளாகத்தான் வேலைக்கு வந்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய கண் சிவந்திருந்தது.

"ஐயாவின்ரை மலரைத்தான் அடிச்சுக்கொண்டிருக்கிறன் அண்ணை. பழைய மலரெல்லாம் திறக்குது, வாசிக்கலாம். சேவ் குடுத்தால் இஞ்சை எழுத உமக்கு அனுமதி இல்லையாம் எண்டு வருது. ரெண்டு நாளா நான் இதை மூடேல்லை. பின்னேரம் வீட்டை போகேக்கை, கரண்ட் போகக்கூடாது முருகா எண்டு நல்லூரானை நேந்துபோட்டுப் போறன்."

"ஏன் அப்பவே எனக்குக் கோல் எடுக்கேல்லை?"

"நான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சன்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அவள் அடித்ததை முதலில் அவளுடைய கணினியிலேயே சேமித்தேன், பிறகு ஒரு பென்டிரைவிலும் போட்டேன். அவள் மூச்சு விட்டாள். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து பெரிய கணினிக்கு அனுப்பினேன், ஏற்கவில்லை. பக்கத்துக் கணினியிலிருந்து அனுப்பினேன், அதுவும் ஏற்கவில்லை. கம்பி சரி, இடம் தாராளம். நான் நினைத்ததுதான். பாஸ்வேர்ட் இல்லாமல் வருகிறவனை வாசிக்க மட்டும் விடு, எழுத விடாதே என்று புதிய அப்டேட் பெரிய கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. என் கடையிலிருந்து உள்ளே போகும் வழியையும் அது அடைத்துவிட்டது. யாராவது அந்தக் கணினிக்கு முன்னால் போய் இருந்துதான் சரிப்பண்ண வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

உள்ளறைக் கதவைத் திறந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மேசையில், கணினித் திரைக்கு நேர் முன்னால் அண்ணையின் பெரிய படம் மாலையோடு இருந்தது. அதற்கு முன் ஒரு குத்துவிளக்கு. அவருடைய கதிரையில் வெள்ளைச் சீலை விரித்திருந்தது. படத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. பின்னால் திரை எரிகிறது.

"உள்ளுக்குப் போகாதையுங்கோ அண்ணை" என்று தயாளினி குரலைத் தாழ்த்தினாள். "அந்திரட்டி முடியுமட்டும் அந்தக் கதிரையிலை ஒருத்தரும் இருக்கக்கூடாதாம். அக்கா மட்டும்தான் வந்து விளக்கு வைக்கிறவ. கொம்பியூட்டரையும் நிப்பாட்ட வேண்டாமாம். அவர் எரியவிட்டிட்டுப் போனதாம், அப்பிடியே எரியட்டுமாம்."

அப்படியானால் அப்டேட் முடிந்து திரை ஏதோ கேட்டுக்கொண்டு இரண்டு கிழமையாகக் காத்துக் கிடக்கிறது. கேள்வியின் மேல் படத்தை வைத்து மாலையும் போட்டிருக்கிறார்கள். வேறு ஊரென்றால் ஒரு நாளில் கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்த நேரம் குணலட்சுமி அக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்தா. இராசநாயகம் அண்ணையின் மனைவி. சத்தம் போடாத மனுசி. சொன்னால் ஒரு தரம்தான் சொல்லுவா. நான் சங்கதியைச் சொன்னேன். கதிரையில் இருக்காமல் செய்ய ஏலாதா என்று கேட்டா. ஏலாது என்றேன். மலரைத் தயாளினியின் கணினியிலேயே வைத்து அடிக்கலாமே என்று கேட்டா.

"அடிக்கலாம் அக்கா. அவ அடிச்சது பத்திரமாத்தான் இருக்கு" என்றேன். எனக்கும் அதுவே வசதியாகப் பட்டது. முப்பத்தோராம் நாள் முடிந்தபிறகு ஆறுதலாக வந்து, ஒருவருக்கும் தெரியாமல் திருத்திவிட்டுப் போகலாம்.

"ஆனா எனக்கு உதுக்குள்ளை இருந்து ஒண்டு வேணும் தம்பி" என்றா அக்கா.

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னா. "அண்டைக்கு மூண்டே முக்காலுக்கு நான் தேத்தண்ணி கொண்டந்தனான். தட்டிக்கொண்டிருந்தார். 'வை, இந்த வரியை முடிச்சிட்டுக் குடிக்கிறன்' எண்டார். நாலு மணிக்குக் கோப்பை எடுக்க வந்தன். தேத்தண்ணி அப்பிடியே இருந்தது. அவர் தலையைச் சாய்ச்சபடி." போத்தலை மூடினா. "அவர் கடைசியா என்ன எழுதினவர் எண்டு எனக்குத் தெரியவேணும். எத்தினை பேருக்கு எழுதினவர். அவரின்ரை மலரிலை முதல் பக்கத்துக்கு வேறை ஒருத்தரும் ஒண்டும் எழுத வேண்டாம். அந்த எழுத்தைத்தான் போடவேணும். அதுக்குத்தான் நான் இதை நிப்பாட்ட விடாமல் வைச்சிருக்கிறன்."

படத்துக்குப் பின்னால் கசிந்த நீல வெளிச்சத்தை நான் திரும்பப் பார்த்தேன்.

எட்டுச் செலவன்று என் கடையில் இருந்தபடி அந்தத் திரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அதில் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அரைப் பக்கத்துக்கு எழுத்து. அப்டேட் முடிந்ததும் கணினி என்னைக் கேட்டது: ஒரு கோப்பு சேமிக்கப்படவில்லை, இருந்தாலும் நிறுத்தி மீளத் தொடங்கவா? இப்படி ஆயிரம் கேள்வி வரும். எழுதிக்கொண்டிருந்தவர் சுடலைக்குப் போய் எட்டு நாள். யாரைக் கேட்பது? ஓம் என்று அமத்தினேன். ஒரு நொடி வேலை. அந்த எட்டு நாளும் மின்சாரம்கூட ஒருதரமும் போகாமல் மரியாதை காத்தது, நான் காக்கவில்லை.

குணலட்சுமி அக்கா காத்து வைத்திருந்தது வெறும் வெளிச்சத்தை.

சொல்லாமல் தப்ப வழி இருந்தது. "அப்டேட் தானா வந்து அழிச்சுப்போட்டுது அக்கா" என்றால் முடிந்தது. கணினி விசயத்தில் நான் சொல்வதுதான் அந்த வீட்டில் வேதம். வசனம் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் தயாளினி நின்றாள், தான் ஏதோ பிழை விட்டதாக இரண்டு நாள் பயந்து கிடந்த பிள்ளை. விழுங்கிவிட்டேன். ஆனால் உண்மையையும் அப்போது சொல்லவில்லை. ஏதாவது மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கைதான்.

"அப்ப நான் கதிரையிலை இருக்கத்தான் வேணும் அக்கா" என்றேன்.

அக்கா யோசித்தா. பிறகு தானே விளக்கை நகர்த்தி, படத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்து, கதிரைச் சீலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டா. "இரும்" என்றா.

நீலத் திரை கேட்டுக்கொண்டிருந்தது இரண்டே கேள்வி. இனி உள்ளே வருகிறவரின் பெயர் என்ன, புதிதாக வைக்கப்போகும் பாஸ்வேர்ட் என்ன. பெயருக்கு அண்ணையின் பெயரைப் போட்டேன். பாஸ்வேர்ட்டை அக்காவையே அடிக்கச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தா. முன்னறைக் கணினிகளிலும் அதையே அடித்துவிட்டா.

"அண்ணை, சேவ் ஆகுது!" என்று தயாளினி அங்கிருந்து கத்தினாள். அன்றைக்குச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

"இனி அதை எடும்" என்றா அக்கா.

அண்ணை பயன்படுத்தியது மிகப் பழைய மென்பொருள். அதையும் மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். அதில் ஒரு குணம் உண்டு: நாங்கள் சேமிக்காவிட்டாலும், ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போகும்போதெல்லாம் அது தனக்கென்று ஒரு பிரதி எடுத்து ஒளித்து வைக்கும். அதைத் தேடினேன். இருந்தது. திறக்கும்போது தயாளினியும் உள்ளே வந்து நின்றாள்.

தலைப்பில் அண்ணையின் பெயர் இல்லை. "சின்னத்தங்கம்" என்று இருந்தது.

"அட, இவவின்ரையே" என்றா அக்கா. சின்னத்தங்கம் அளவெட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அச்சடித்த மலர்களை மடித்துத் தைத்துக் கொடுக்கிற மனுசி. அண்ணைக்குப் பத்து நாள் முந்திப் போனவ. பிள்ளைகுட்டி இல்லை, ஒரு தம்பி மட்டும். "காசில்லாமல் அடிச்சுக் குடுக்கப்போறன் எண்டு சொன்னவர். அவவின்ரை அந்திரட்டி முந்தநாள் மலர் இல்லாமலே முடிஞ்சுது. வாசியும் தம்பி."

வாசித்தேன்.

"சின்னத்தங்கம் அம்மா இந்த அச்சகத்தில் இருபத்தாறு வருடங்கள் புத்தகம் மடித்தார், தைத்தார். எத்தனை பேரின் வாழ்க்கை அவர் கையால் மடிபட்டது என்பது எனக்கே தெரியாது. ஒருநாள், அம்மா, இதில் எது உங்களுக்குப் பிடித்தது என்று கேட்டேன். தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அன்று தொடக்கம், தைத்து முடிந்த முதற் பிரதியை நான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்பார். எவருடைய கதையாக இருந்தாலும், கேட்டு முடிந்ததும் அவர் சொல்வது ஒரே வசனம்தான்:"

அதோடு முடிந்தது. கீழே வெறும் பக்கம்.

"மிச்சம்?" என்றா அக்கா.

"இவ்வளவுதான் இருக்கு."

"அவ என்ன சொல்லுறவவாம்?"

"உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

"ஞாயிறிலை நான் கோயிலுக்குப் போயிடுவன். வாசிச்சுக் காட்டுறவர் எண்டதே இப்பத்தான் தெரியும்." தயாளினியைப் பார்த்தா. அவள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. தலையை ஆட்டினாள்.

"அப்ப அவர் அதோடை நிப்பாட்டினவராக்கும்" என்றா அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல. "அந்த வரியைத்தான் எழுதப் போனாராக்கும்."

அங்கேயும் நான் தப்பியிருக்கலாம். கடவுள் கையில் தந்த சாட்டு அது. ஆனால் நான் அன்றைக்குப் பார்த்தது இந்தக் கால் பக்கம் அல்ல, அரைப் பக்கம். இப்போது எழுத்து முடிந்துபோன இடத்துக்குக் கீழேயும் எழுத்து இருந்தது. பக்கம் புரட்டி எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். அந்த வரி எட்டு நாள் அந்தத் திரையில் நின்றது. உலகத்தில் வேறு எங்கும் இருக்கவில்லை.

"இல்லை அக்கா. எழுதினவர்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுச் செலவுச் சாப்பாட்டைச் செமிக்கவும் விடாமல் போய் அப்டேட் போட்டதை, கணினி கேட்டதை, நான் ஓம் என்று அமத்தியதை.

"நீர் அதைக் கண்டனீரோ?"

"கண்டனான்."

"வாசிக்கேல்லையோ?"

"வாசிக்கேல்லை அக்கா."

அக்கா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவர் சேவ் பண்ணாமல் விட்டது அவரின்ரை பிழை" என்றா கடைசியில். "கேக்காமல் நிப்பாட்டினது உம்மடை பிழை. ரெண்டும் ஒண்டில்லை. கதிரையாலை எழும்பும்."

எழும்பினேன். அக்கா சீலையை விரித்தா, படத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தா.

தயாளினி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, பொருத்தமா ஒரு வரி நான் எழுதி முடிச்சுவிடட்டே? ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாம் பிள்ளை. சொல்லாததை அவவின்ரை வாயிலை வைக்கக்கூடாது. இருக்கிறதை அப்பிடியே அடி. மிச்சத்துக்கு இடம் விடு."

முப்பத்தோராம் நாள் காலை கீரிமலையில் கிரியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். பந்தி தொடங்கியது. நான் ஒரு மூலையில் நின்றேன். குணலட்சுமி அக்கா மலர்க்கட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தா. "நீர்தான் குடுக்கவேணும்" என்றா. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

முதலில் கேட்டவர் செல்வநாயகம் மாஸ்ரர். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "தம்பி, முதல் பக்கத்திலையே அச்சுப் பிழை. ஒரு வரி விடுபட்டுப் போச்சு."

"அச்சுப் பிழை இல்லை மாஸ்ரர். அது நான் அழிச்சது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்தவரும் கேட்டார். அதற்கு அடுத்தவரும். வாசிக்கிற பழக்கமுள்ள ஊர் எங்களுடையது, முதல் பக்கத்தை ஒருவரும் தாண்டிப் போகமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றா. பத்துப் பேருக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஏழு வருசம் அவரை நான் திருத்தப் பார்த்தேன். அக்கா என்னை ஒரு மத்தியானத்தில் திருத்துகிறா.

கடைசிப் பந்தியில் ஒரு வயதானவர் தனியே இருந்தார். வெள்ளை வேட்டி, சைக்கிளில் வந்த புழுதி காலில். மலரைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நான் இளையதம்பி. அளவெட்டி. இதிலை என்ரை அக்கா சின்னத்தங்கத்தைப் பற்றி எழுதிக் கிடக்காம் எண்டு சொல்லிச்சினம். ஒருக்கால் வாசிச்சுக் காட்டும் தம்பி. எங்கடை வீட்டிலை ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போகேல்லை."

அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து வாசித்தேன். இருபத்தாறு வருடம் என்றபோது "ஓம், ஓம்" என்றார். எழுத்துத் தெரியாது என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். ஊசியை மடியில் வைத்ததை வாசிக்கும்போது அவர் முகம் மலர்ந்து போயிற்று. "அப்பிடித்தான் வைக்கிறவ" என்றார். கேட்டு முடிந்ததும் அவர் சொல்வது ஒரே வசனம்தான் என்று வாசித்து நிறுத்தினேன்.

அவர் காத்திருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பிறகு? என்ன சொல்லுறவவாம்?"

"எழுதியிருந்தது ஐயா. நான் அதை அழிச்சுப்போட்டன்."

அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. கோபிக்கவும் இல்லை. புத்தகத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, எழுத்து முடிந்த இடத்தைத் தேடி, அதற்குக் கீழே இருந்த வெள்ளைத் தாளில் விரலை வைத்தார்.

"இதிலையோ இருந்தது?"

"ஓம் ஐயா" என்றேன். "இதிலைதான்."